கீறுவது, தேய்வது, கசிவது: எழுதுகோல்களைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

யாங்கோனில் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடக்கும். அந்த ஜூன் வாரங்களில் எந்தப் பேனாக் கடை வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "இதுல எது நல்ல பேனா?" கடைக்காரர் விலையை வைத்துப் பதில் சொல்வார். அது அவர் வியாபாரம். எல்லா வேலைக்கும் நல்ல பேனா என்று ஒன்று கிடையாது. எதன்மேல் எழுதப் போகிறோம்? எழுதியது எத்தனை நாள் நிற்க வேண்டும்? அதை நாமே அழிக்க வேண்டி வருமா, அல்லது யாரும் அழித்துவிடக் கூடாதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எதை எடுப்பது என்பது தானே விளங்கிவிடும். அதற்கு முன்னால், எழுதுகோல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதுகோல்களை எல்லாம் மூன்று குடும்பங்களுக்குள் அடக்கிவிடலாம். எழுதும் பரப்பைக் கீறிப் பள்ளம் செய்வது ஒரு குடும்பம். எழுத்தாணியும் உளியும் அதில் சேரும். தானே தேய்ந்து தன் பொடியைப் பரப்பின்மேல் விட்டுச் செல்வது இன்னொன்று. பென்சில், சாக்பீஸ், பல்பம் எல்லாம் அந்த வகை. உள்ளே இருக்கும் மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுவது மூன்றாவது குடும்பம். நாம் பேனா என்றும் மார்க்கர் என்றும் சொல்வதெல்லாம் அதில் வந்துவிடும். கைபேசித் திரையும் விசைப்பலகையும் இந்தக் கணக்கில் சேராதவை, அவற்றை விட்டுவிடுவோம்.

கீறுகிற குடும்பம்

பழங்கதை என்று இதைத் தாண்டிப் போகத் தோன்றும். பர்மாவில் இருந்துகொண்டு அப்படித் தாண்ட முடியாது. இங்கே தெருப் பலகையில் இருக்கும் எழுத்தே இந்தக் குடும்பத்தின் வேலைதான்.

பர்மிய எழுத்துகள் வட்டம் வட்டமாக இருக்கும். தமிழிலும் சுழிக்குப் பஞ்சமில்லை. இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஓலை. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதே போக்கில் இரும்பு எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை பிளந்துவிடும். வளைத்து எழுதினால் தாங்கும். தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதற்கும் இதையொட்டிய காரணம்தான் சொல்வார்கள். புள்ளி குத்தினால் ஓட்டை விழும். க என்று எழுதியிருப்பதை க என்று படிப்பதா, க் என்று படிப்பதா என்பது படிப்பவரின் தலைவலி.

எழுத்தாணி கீறிய கோட்டுக்கு நிறம் கிடையாது. அதனால் விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து ஏட்டின் மேல் பூசித் துடைப்பார்கள். மேலே இருப்பது துணியோடு வந்துவிடும், பள்ளத்தில் இறங்கியது அங்கேயே தங்கிவிடும். பர்மாவில் ஏடுகளுக்கு நிலத்திலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைப் பூசும் வழக்கமும் இருந்தது. ஏட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்க அது உதவியது.

சரி, வட்டத்துக்குக் காரணம் ஓலைதான் என்பதை எப்படி நம்புவது? ஓலை இல்லாத இடத்தில் எழுத்து எப்படி இருந்தது என்று பார்க்கலாம். பர்மாவின் பழைய தலைநகரான பாகன் காலத்துப் பர்மியக் கல்வெட்டுகளில் எழுத்துகள் சதுரத்தன்மையோடு இருக்கின்றன. கல்லுக்கு நார் கிடையாது, உளிக்கு நேர்க்கோடுதான் வசதி. கம்மவாசா என்ற பௌத்தச் சடங்கு நூல்களை எடுத்துக்கொண்டால், பொன்பூச்சிட்ட தகடுகளின் மேல் கெட்டியான கறுப்பு அரக்கால் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்தும் சதுரமாக, தடியாக இருக்கும். பர்மியர்கள் அதற்குப் புளியங்கொட்டை எழுத்து என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மொழி ஒன்றாக இருந்தும் கையில் பிடித்த கருவி மாறியதும் எழுத்தின் முகம் மாறியிருக்கிறது.

பாகன் என்றதும் நம்மவர் சமாச்சாரம் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அங்கே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு சமஸ்கிருதத்திலும் தமிழிலும் இருக்கிறது. மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பாகனில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைப் பதிவு செய்கிற கல் அது. காகிதத்தில் எழுதியிருந்தால் இத்தனை மழையில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாண்டலேயின் குதோடா பகோடா இன்னும் பெரிய உதாரணம். பர்மிய மன்னர் மிண்டோன் 1860களில் பௌத்த மறைநூலான திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் இரண்டு பக்கமும் வெட்ட வைத்தார். எழுத்துப் பள்ளங்களில் முதலில் தங்க மையை நிரப்பியிருந்தார்கள். 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்த பிறகு அந்தத் தங்கம் காணாமல் போனது. எழுத்து அப்படியே இருக்கிறது. கீறுகிற குடும்பத்தின் பலம் இதுதான்: நிறம் போனாலும் வாசகம் போகாது.

அன்றாட வாழ்க்கையில் இந்தக் குடும்பம் அழிந்துவிட்டதா என்றால் இல்லை. எவர்சில்வர் கடையில் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிற சிறிய மெஷினும் எழுத்தாணியின் பேரப்பிள்ளைதான். சீர்வரிசையில் வந்த குடம் யாருடையது என்ற வழக்கை எத்தனை வருஷம் கழித்தும் அது தீர்த்துவைக்கும். கண் தெரியாதவர்கள் பிரெயிலைக் கையால் எழுதுவதும் இந்த முறைதான். கட்டம் போட்ட ஒரு சட்டத்துக்குள் தடித்த தாளை வைத்து, சிறிய ஊசியால் பின்பக்கத்திலிருந்து குத்துவார்கள். முன்பக்கம் புள்ளி மேடாக எழும். திருப்பிப் படிக்க வேண்டியிருப்பதால் எழுதும்போது வலமிருந்து இடமாகப் போக வேண்டும். பர்மிய மொழிக்குப் பிரெயில் அமைத்தவர் வில்லியம் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவரே பார்வையற்றவர். 1917இல் ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோனுக்கு) வந்து, அங்கே கெமண்டைன் பகுதியில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் 1931இல் இறக்கும்வரை வேலை செய்தார்.

தேய்கிற குடும்பம்

இந்தக் குடும்பத்தில் எழுதுகோல் தன்னையே செலவழித்துக்கொள்கிறது. பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், கோல் அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. பொடி பரப்பின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் துடைத்தால் போய்விடும். இதன் பலமும் பலவீனமும் அந்த ஒன்றுதான்.

பர்மிய அரசர் காலத்தில் பரபைக் என்று ஒரு மடிப்பு நூல் இருந்தது. கையால் செய்த தடித்த தாளை நீளப் பட்டையாக ஒட்டி, முன்னும் பின்னுமாக மடித்து வைப்பார்கள். வெள்ளைப் பரபைக்கில் மையாலும் வண்ணத்தாலும் எழுதினார்கள், படம் வரைந்தார்கள். கறுப்புப் பரபைக்கில் மாக்கல் குச்சியால் வெள்ளையாக எழுதினார்கள். கணக்கு, வரைவு, கடன் விவரம் போன்றவை இதில் போகும். வேலை முடிந்ததும் துடைத்துக் கரி பூசினால் மறுபடி புதுப் பக்கம். காகிதம் அருமையாக இருந்த காலத்தில் இது பெரிய சிக்கனம்.

அந்த மாக்கல் வேறொன்றுமில்லை, பாட்டி வீட்டில் கல்சட்டி இருந்திருக்குமே, அதைச் செய்த அதே கல்தான். நகத்தால் கீறினாலே பொடி உதிர்கிற அளவுக்கு மென்மையானது. இன்றைக்கும் வெல்டிங் பட்டறையில் இரும்புத் தகட்டில் அளவு குறிக்க மாக்கல் குச்சியைத்தான் தேடுவார்கள். மார்க்கர் கோடு சூட்டில் கருகிவிடும், மாக்கல் கோடு நிற்கும். தையல்காரர் துணியில் கோடு போடும் சுண்ணத்துக்கும் இதே வேலைதான். தைத்து முடித்ததும் தட்டிவிட்டால் போய்விட வேண்டும். பள்ளிக்கூடச் சாக்பீஸ் இப்போது பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது. சிலேட்டும் பல்பமும் இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளின் கையில் இன்னும் பார்க்கக் கிடைக்கின்றன.

பென்சிலுக்கு வருவோம். பழைய ஆட்கள் இன்னும் ஈயப் பென்சில் என்பார்கள். உள்ளே ஈயம் துளியும் கிடையாது. இருப்பது கிராபைட், அதாவது கரியின் ஒரு வடிவம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் சுத்தமான கிராபைட் கிடைத்தது. அதை ஒருவகை ஈயம் என்று நினைத்து வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. குழந்தை பென்சில் முனையைக் கடித்துவிட்டால் ஈய விஷம் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

1795இல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்டே என்பவர் கிராபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். போர் காரணமாக இங்கிலாந்துக் கிராபைட் வராமல் போனதுதான் அவரை அதில் இறக்கியது. களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். கிராபைட் கூடினால் முனை மென்மையாகும், கோடு கறுக்கும். பென்சிலில் அச்சிட்டிருக்கும் எச் என்பது கடினம், பி என்பது கறுப்பு, எச்பி இரண்டுக்கும் நடு. 2எச், 4எச் என்று போனால் வரைபடக்காரர்களுக்கு; 4பி, 6பி ஓவியம் வரைபவர்களுக்கு.

பள்ளி விடுமுறையில், மார்ச்சிலிருந்து மே வரை, கோயில்களில் நடக்கும் தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கு என் யோசனை இது. புதுப் பேனா வாங்கித் தராதீர்கள், 2பி பென்சில் கொடுத்து அனுப்புங்கள். பர்மிய எழுத்தில் பழகிய கைக்கு வட்டம் பிரச்சினையே இல்லை. ஆனால் வட்டத்தில் தொடங்கி நேர்க்கோட்டில் இறங்கி மடிகிற ஞ, ண, ஐ போன்றவற்றில் கை திணறும். மென்மையான பென்சில் லேசாகத் தொட்டாலே எழுதும், அழுத்தி அழுத்தி விரல் வலிக்காது. ரப்பரால் அழித்து மறுபடி எழுதலாம். முக்கோண வடிவத்தில் தடியான பென்சில் கிடைத்தால் இன்னும் நல்லது, விரல் தானாகச் சரியான இடத்தில் உட்காரும்.

ரப்பர் ஏன் அழிக்கிறது? கிராபைட் பொடி காகித நாரின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஊறவில்லை. ரப்பர் அதைத் தன்மேல் ஒட்டி இழுத்துக்கொள்கிறது. ரப்பருக்கு இந்தக் குணம் இருப்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன் ரொட்டித் துண்டால் அழித்தார்கள்.

இன்னொரு குணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது. ரப்பரைத் தவிர அதற்குப் பெரிய எதிரி கிடையாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் யாங்கோனில், நனைந்துபோன நோட்டில் மைப்பேனா எழுத்து நீலக் குழம்பாகிவிடும். அதே நோட்டில் பென்சில் எழுத்து காய்ந்ததும் படிக்க வரும். தச்சர்கள் காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலும் ஈர மரத்தில் எழுதும். தட்டையாக இருப்பது சாரத்திலிருந்து உருண்டு விழாமல் இருக்க.

இடையில் காப்பியிங் பென்சில் என்று ஒரு கலப்பு இருந்தது. கிராபைட்டோடு அனிலின் சாயத்தைச் சேர்த்திருப்பார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி எழுதும். ஈரம் பட்டதும் ஊதா மையாக மாறிக் காகிதத்தில் ஊறிவிடும், பிறகு அழிக்க முடியாது. பந்துமுனைப் பேனா வரும்வரை அலுவலகங்களில் அதற்கு நல்ல மவுசு. நாக்கில் தொட்டு எழுதிய குமாஸ்தாக்களின் உதடு ஊதாவாக இருக்கும். அந்தச் சாயம் உடம்புக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

கசிகிற குடும்பம்

இங்கே கேள்வி எல்லாம் ஒன்றுதான்: மை எழுதும்போது வர வேண்டும், எழுதாதபோது வரக் கூடாது. இதை ஒவ்வொரு பேனாவும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது.

மைப்பேனாவின் நிப்பைக் கூர்ந்து பார்த்தால் நடுவில் மயிரிழை அளவில் ஒரு பிளவு தெரியும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப்போல அந்தக் குறுகிய இடைவெளி மையைத் தானே இழுத்துக் காகிதம்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. காகித நார் தொட்டதும் அங்கிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மை வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று சீராகப் போகாவிட்டால் ஒன்று பேனா எழுதாது, அல்லது ஒரேயடியாகக் கக்கும். 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனா பேர் வாங்கியது மை வழியையும் காற்று வழியையும் ஒழுங்குபடுத்தியதால்தான். விமானத்தில் மைப்பேனா சட்டையை நனைப்பதற்கும் காரணம் இந்தக் காற்றுதான். வெளி அழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. பேனாவில் மையை முழுக்க நிரப்பி, நிப்பு மேலே பார்க்க வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

மைப்பேனாவுக்கு அழுத்தமே வேண்டாம். அதனால் நீண்ட நேரம் எழுதுபவர்களுக்குக் கை வலிக்காது. மூன்று மணி நேரப் பரீட்சைக்கு அதைவிடச் சுகமான பேனா இல்லை என்று ஒரு தலைமுறையே சாதிக்கும். சீனத்து ஹீரோ பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொள்வதே ஒரு மரியாதையாக இருந்தது. ஆனால் இந்த ஊர் மலிவு நோட்டில் மைப்பேனா பாடு திண்டாட்டம். நல்ல காகிதத்தில் மை பரவாமல் இருக்கப் பசை சேர்த்திருப்பார்கள். மலிவுக் காகிதத்தில் அது குறைவு, போதாததற்கு மழைக்கால ஈரம் வேறு. கோட்டின் ஓரமெல்லாம் வேர்விட்டுப் பரவி, பின்பக்கம்வரை ஊறும். பேனாவைக் குறை சொல்வதில் பயனில்லை. காகிதத்தை மாற்றுங்கள், அல்லது மழை விடும்வரை வேறு பேனாவுக்கு மாறுங்கள்.

பந்துமுனைப் பேனா, அதாவது நாம் பால்பாய்ண்ட் என்று சொல்வது, வேறு வழியைப் பிடித்தது. முனையில் ஒரு சின்ன உலோகக் குண்டு இருக்கும். விட்டம் பொதுவாக 0.7 அல்லது 1 மில்லிமீட்டர். பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்தது. பேனா நகரும்போது குண்டு உருளும், மேல்பக்கம் மையைத் தொட்டுக்கொண்டு வந்து கீழே தடவும். நகராதபோது அதே குண்டு மூடியாக அடைத்துக்கொண்டிருக்கும். இந்த யோசனைக்கு 1888இலேயே அமெரிக்கர் ஜான் லவுட் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது தோலில் குறிபோடத்தான் லாயக்காக இருந்தது. தடுமாறியது குண்டில் இல்லை, மையில். தண்ணீர் போன்ற மை ஒழுகியது, கெட்டியான மை வரவில்லை.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, அச்சகத்து மை சட்டென்று காய்வதைப் பார்த்து, ரசாயனம் தெரிந்த தம் சகோதரர் கியோர்கியோடு சேர்ந்து எண்ணெய்ப் பசை மாதிரியான மையை உருவாக்கினார். 1938இல் காப்புரிமை. யூதர் என்பதால் ஐரோப்பாவை விட்டு வெளியேறி அர்ஜென்டினாவில் தொழிலைத் தொடங்கினார். உயரத்தில் பறக்கும்போதும் ஒழுகாது என்பதால் பிரிட்டிஷ் விமானப்படை அதை விரும்பி வாங்கியது. 1945இல் நியூயார்க்கில் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் பேனா 12.50 டாலருக்கு விற்றது. அன்றைக்கு அது பெரிய தொகை. 1950இல் பிரான்சின் மார்செல் பிக் கொண்டுவந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேனாதான் விலையைத் தரைக்கு இறக்கியது. அந்தப் பேனாவின் உடலில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், காற்றழுத்தத்தைச் சமப்படுத்த. மூடியின் உச்சியில் பிறகு சேர்த்த ஓட்டைக்குக் காரணம் வேறு. குழந்தை யாராவது மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் கொஞ்சமாவது மூச்சு போகட்டும் என்பதற்காக.

குண்டு உருள வேண்டும் என்றால் காகிதத்தில் பிடிமானம் வேண்டும். கை வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில், ஈரம் ஏறிய தாளில், மெழுகுப் பூச்சில் குண்டு உருளாமல் சறுக்கும். எழுத்து விட்டு விட்டு வரும். எழுதும் கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். நின்றுபோன பேனாவை ரப்பர்ச் செருப்பின் அடியில் கிறுக்கினால் எழுத ஆரம்பிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளின் வைத்தியம். அது உண்மையிலேயே வேலை செய்யும், ஏனென்றால் ரப்பர் குண்டை நன்றாகப் பிடித்து உருட்டுகிறது. தீக்குச்சியால் ரீஃபிலைச் சூடு காட்டுகிற இன்னொரு வைத்தியம் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிக் கையில் ஒட்டும். ஏப்ரல் வெயிலில் பேனா தானாகவே இளகி மை கக்குவதும் இதே சூட்டு விவகாரம்தான். சட்டைப்பையில் வைப்பவர்கள் முனையை மூடி வையுங்கள்.

ஜெல் பேனா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கொண்டுவந்தது. குண்டு இருக்கிறது, ஆனால் மை தண்ணீர் சார்ந்தது. சும்மா இருக்கும்போது கூழாக நிற்கும், குண்டு உருண்டு கலக்கியதும் நீர்த்து ஓடும், காகிதத்தில் இறங்கியதும் மறுபடி கெட்டியாகும். நிறத்துக்குச் சாயத்துக்குப் பதிலாக நுண்ணிய நிறப்பொடி போட்டிருப்பார்கள். அதனால் கோடு அடர்த்தியாக வரும், கை வலிக்காது. குறை என்ன என்றால் காய நேரம் எடுக்கும், இடதுகைக்காரர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே இழுப்பார்கள். மையும் சீக்கிரம் தீரும். பால்பாய்ண்ட் ஒன்று தீர்வதற்குள் சில ஜெல் பேனாக்கள் தீர்ந்துவிடும்.

மார்க்கரில் குண்டும் இல்லை, நிப்பும் இல்லை. நார்முனை மையில் ஊறிக்கொண்டே இருக்கிறது. முனை பட்டது எதுவானாலும் நனையும், அதனால் கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம் எல்லாவற்றிலும் எழுதலாம். கோயில் திருவிழாவில் பால்குடத்துக்குப் பேர் எழுதவும், அன்னதானப் பாத்திரத்தில் அடையாளம் போடவும் பெர்மனென்ட் மார்க்கர்தான். அதில் மை ஆல்கஹாலில் கரைந்திருக்கும். ஆல்கஹால் பறந்ததும் பிசினும் நிறமும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பலகை மார்க்கரிலும் கிட்டத்தட்ட இதே சமையல்தான், ஒட்டாமல் இருக்க எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பொருளைக் கூடச் சேர்த்திருப்பார்கள். ஆகவே யாராவது வெள்ளைப் பலகையில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால் பலகையைச் சுரண்ட வேண்டாம். அந்த எழுத்தின் மேலேயே வெள்ளைப் பலகை மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள். அதிலுள்ள கரைப்பான் கீழே ஒட்டியதைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். வகுப்பு ஆசிரியர்களுக்கு இது ஒன்றே போதும், மற்றதை மறந்தாலும் பாதகமில்லை.

காசும் கையெழுத்தும்

வீட்டு நோட்டில் எதை வைத்து எழுதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பணமும் பத்திரமும் வரும் இடத்தில்தான் பேனாத் தேர்வு விளையாட்டாக இருக்கக் கூடாது.

ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுத வேண்டுமானால் பால்பாய்ண்ட் ஒன்றே வழி. மேல்தாளில் கொடுக்கும் அழுத்தம்தான் அடித்தாளில் எழுத்தாகிறது. மைப்பேனாவால் அழுத்தினால் நிப்பு விரியும், ஜெல்லால் எழுதினால் அடியில் ஒன்றும் விழாது. கோயில் நன்கொடை ரசீது போடுபவர்கள் மேசையில் நல்ல பால்பாய்ண்ட் ஒன்றைக் கயிறு கட்டி வைப்பது அதனால்தான். கயிறு வேறொரு காரணத்துக்காக.

காசோலைக்கும் பத்திரத்துக்கும் நிலைமை வேறு. சாதாரண பால்பாய்ண்ட் மையைச் சில கரைப்பான்களால் கரைத்து எடுத்துவிட முடியும். நிறப்பொடியுள்ள ஜெல் மை நாருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வதால் எடுப்பது கடினம். அடர்த்தியான கறுப்பு ஜெல்லால் எழுதி, காய விட்டு மடிப்பது நல்லது. கறுப்பா நீலமா என்பது படிவம் என்ன கேட்கிறதோ அதைப் பொறுத்தது. ஒன்றும் சொல்லாவிட்டால், நகல் எடுக்கக் கறுப்பு தெளிவாக விழும். அசல் எது நகல் எது என்று பார்த்ததும் தெரிய வேண்டுமானால் நீலம் வசதி.

அழிக்கக்கூடிய பேனா என்று ஒன்று விற்கிறார்கள், ஜப்பானின் பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஸியன் போல. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மை உரசும் சூட்டில், சுமார் 60 டிகிரி செல்சியஸில், நிறமற்றதாகிவிடும். எங்கும் போவதில்லை, அதே இடத்தில்தான் இருக்கிறது. உறைநிலைக்கு வெகு கீழே குளிரவைத்தால் திரும்பத் தெரியும். இப்போது யோசித்துப் பாருங்கள்: அந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஏப்ரல் மாத மதியத்தில் மூடிய காரின் முன்கண்ணாடி அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். திரும்பி வரும்போது வெள்ளைத் தாள் காத்திருக்கலாம். பத்திரம், பரீட்சை, மருந்துச் சீட்டு மூன்றிலும் அதைத் தொடவே கூடாது.

அழியவே கூடாத மைக்கு உச்சம் வேண்டுமானால் தேர்தல் மையைச் சொல்லலாம். 2015 தேர்தலில் இந்த நாட்டிலும் வாக்களித்தவர்களின் சுண்டுவிரலில் வைத்தார்கள். அதில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. தோலில் பட்டு வெளிச்சமும் பட்டதும் கறுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கு மசியாது, அந்தத் தோல் உதிர்ந்து நகம் வளர்ந்தால்தான் போகும்.

கடைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். கடைக்காரர் நீட்டும் துண்டுத் தாளில் பிள்ளையார் சுழி போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். அந்தத் தாள் பெரும்பாலும் வழவழப்பான, நல்ல காகிதமாக இருக்கும். எந்தப் பேனாவும் அதில் அழகாகத்தான் எழுதும். பிள்ளை எழுதப் போகிற நோட்டையே கையோடு கொண்டுபோங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் வேகமாக நாலு முறை 8 போடுங்கள், வளைவில் கோடு விட்டுப்போகிறதா என்று தெரியும். விரலால் உடனே தேய்த்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பக்கத்தைத் திருப்பி, பின்பக்கம் ஊறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.